இரண்டாவது கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போறீங்களா?

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, இருக்குற கார்டோட பழைய கார்டு இன்னொண்ணு சேர்த்துப் போட்டா கேம் வேகமா ஓடுமா?"

கேமுக்காக மட்டும் என்றால் வேண்டாம் தம்பி. இரண்டு கார்டை இணைத்து ஓட்டும் எஸ்எல்ஐ முறைக்குப் புதிய டிரைவர் புரொஃபைல் (ஒரு கேமில் இரண்டு கார்டும் சேர்ந்து ஓடுவதற்கான மென்பொருள் அமைப்பு) சேர்ப்பதை, கார்டு தயாரிக்கும் என்விடியா 2021 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. அதன் ஆர்டிஎக்ஸ் 30 வரிசைக் கார்டுகளில் 3090, 3090 டிஐ இரண்டில் மட்டும் அந்த இணைப்பு இருந்தது. 40 வரிசையில் அதுவும் போய்விட்டது. கேமே தனியாக ஆதரவு தந்தால்தான் உண்டு, அப்படிப்பட்ட புது கேம்கள் மிக அரிது. கார்டின் மெமரியும் அதிகமாகாது. 8 ஜிபி கார்டு இரண்டு போட்டாலும் ஒரே தகவலைத்தான் இரண்டும் வைத்திருக்கும். கேமுக்குக் கிடைப்பது 8 ஜிபிதான்.

பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டர் செய்கிறவர்களுக்கு, அதாவது வரைந்த காட்சியை முழுப் படமாக்குகிறவர்களுக்கு, கணக்கு வேறு. அங்கே இரண்டு கார்டும் உழைக்கும்.

நம் கடலோரத்துக்கு இன்னொரு கவலை, உப்புக்காற்று. மண்டபம் ஊரில் ஜன்னலோரம் இருந்த ஒரு சிபியூ பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஸ்க்ரூ தலைகளில் துரு, சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளில் வெள்ளைப் பொடி. இரண்டாவது கார்டு நெருங்கி உட்கார்ந்தால் மேல் கார்டின் ஃபேனுக்குக் காற்றும் குறையும்.

பழைய கார்டு வாங்கும்போது ஸ்லாட்டில் சொருகும் தங்கநிறப் பற்களை டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சை படிந்திருந்தால் தொடவே வேண்டாம். இருப்பதை விற்று, கையிலுள்ள பணத்தையும் சேர்த்து, நல்லதாக ஒரே கார்டு வாங்குங்கள். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் தரும் எஸ்எம்பிஎஸ்ஸின் வாட் அதற்குத் தாங்குமா என்பதை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.