தூக்க மாத்திரையை ஒரே இரவில் தூக்கிப் போடாதீர்கள்

போன வாரம் நண்பர் ஒருவர் பெருமையாகச் சொன்னார்: "ரெண்டு வருஷமா போட்ட மாத்திரைய நேத்தோட குப்பையில போட்டுட்டேன்." எனக்கு அடிவயிறு கலங்கியது. தூக்கத்துக்காக நான்கு வருடம் அல்ப்ரசோலம் சாப்பிட்டவன் நான். இதே வீரத்தை நானும் காட்டியிருக்கிறேன். டாக்டர் சொன்னதற்கு மேல் போடக்கூடாது, அடுத்தவர் மாத்திரையைக் கேட்டு வாங்கக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விடுகிறேன். தெரியாமல் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

திடீரென்று நிறுத்துவது

நிறுத்திய இரண்டாம் இரவு உடம்பெல்லாம் வியர்த்தது. நெஞ்சு படபடத்தது. கடிகாரச் சத்தம்கூடத் தாங்கவில்லை. பழைய தூக்கமின்மை திரும்பிவிட்டது என்றே நம்பினேன். விடியும் முன் மறுபடி ஒன்றை விழுங்கினேன். இப்படி இரண்டு முறை. இந்தக் குழப்பத்திலேயே வருடங்கள் போனதை நினைத்தால் இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

அது பழைய வியாதி அல்ல. இந்த மாத்திரைகள் மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற ரசாயனத்தின் வேலையைக் கூட்டுகின்றன. மாதக்கணக்கில் இப்படிப் போனால் மூளை அதற்குப் பழகி, தன் பங்குக்கு விழிப்பை ஏற்றிவைக்கிறது. மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் அந்த விழிப்பு மட்டும் மிஞ்சும். நீண்ட நாள் சாப்பிட்டவர்களுக்கு வலிப்பு வரலாம், உயிரே போகலாம்.

டாக்டர் மேற்பார்வையில், இப்போதைய அளவில் 5 முதல் 10 சதவீதம் வரை, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை குறைப்பது ஒரு வழி. சிலருக்கு உடம்பில் நீண்ட நேரம் தங்கும், அதே வகை மருந்தான டயசெபத்துக்கு மாற்றி அப்புறம் குறைப்பார்கள். எனக்கு எட்டு மாதம் ஆனது. கடைசித் துணுக்குதான் அதிகம் படுத்தியது. நண்பரை அன்றே டாக்டரிடம் அனுப்பினேன். மறுபடி மாத்திரையில் இருந்து தொடங்கச் சொன்னதில் அவருக்கு என்மேல் கோபம்தான்.

மாத்திரை கேட்காவிட்டால் இன்னொன்று

பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரத்துக்கென்று தரப்படும் மருந்து இது. உடம்பு பழகிப்போனதால்தான் மருந்து கேட்கவில்லை. ஒன்றை ஏற்றினால் அதுவும் பழகும்.

மதுவோடு

வேண்டாம். மூச்சு நின்றுபோகலாம். மார்ஃபின் (அபினிலிருந்து வரும் மருந்து) வகை வலி நிவாரணி மாத்திரைகளோடும் அப்படியே.

எழுந்ததும் வண்டி எடுப்பது

கண் திறந்துவிட்டது என்பதால் மருந்து இறங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை காலையிலும் ரத்தத்தில் மிஞ்சுவதால், 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பெண்களுக்கான தொடக்க அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கச் சொன்னது. தூக்கத்திலேயே நடந்தவர்கள், வண்டி ஓட்டியவர்கள் உண்டு. 2019-இல் அதற்கும் கடும் எச்சரிக்கை வந்தது. வயதானவர்கள் என்றால் இரவில் கழிப்பறைக்கு எழும்போது விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்ளும் ஆபத்து வேறு.

மாத்திரை மட்டுமே வழி என்று இருப்பது

தூக்கமின்மைக்கென்றே அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இருக்கிறது; தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றுவது அது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மருந்துக்கு முன் அதைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2016-இல் பரிந்துரைத்தது. படுக்கையில் புரளும் நேரத்தைக் குறைப்பது அதில் ஒரு பகுதி. முதல் சில வாரம் பகலில் தூக்கம் சொக்கும். அப்போதும் வண்டிச் சாவியை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.