வெளிநாட்டுச் செய்தியைச் சுருக்கி எழுதச் சொல்லித்தரும்போது நாம் செய்யும் தவறுகள்

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நாளிதழ்ச் செய்தி வாசிக்கும் வழக்கம் நம் பள்ளிகளில் நெடுங்காலமாக உண்டு. அதோடு நிற்காமல், ஒரு வெளிநாட்டு நிகழ்வைப் படித்து நடுநிலையாக ஐந்தாறு வரிகளில் எழுதிவரச் சொல்லும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அருமையான பயிற்சி. ஆனால் பிள்ளைகள் எழுதிக்கொண்டு வருவதில் உள்ள கோணல்களில் பாதி, நாம் சொல்லித்தரும் விதத்தால் வருபவை.

எல்லோரும் செய்வது, "உன் கருத்தைச் சேர்க்காதே" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுவது. பிள்ளை "நான் நினைக்கிறேன்" என்பதை அடித்துவிடும். கருத்து அப்படியே தங்கிவிடும். 2024 டிசம்பர் 3 இரவு தென்கொரிய அதிபர் யூன் சுக் யோல் ராணுவச் சட்டத்தை (நிர்வாகத்தை ராணுவத்தின் கையில் தரும் அவசர ஏற்பாடு) அறிவித்த செய்தியை எடுத்துக்கொள்வோம். "அதிகார வெறி பிடித்த அதிபரின் சதியை மக்கள் ஒரே இரவில் முறியடித்தனர்" என்று எழுதினால் அதில் "நான்" இல்லை. ஆனால் வாசிப்பவர் என்ன நினைக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு சொல்லும் முடிவு செய்துவிடுகிறது.

இதையே இப்படி எழுதலாம்: "இரவு பத்தரை மணியளவில் அதிபர் தொலைக்காட்சியில் பேசி ராணுவச் சட்டத்தை அறிவித்தார். வடகொரிய ஆதரவுச் சக்திகளை ஒழிக்கவே இந்த நடவடிக்கை என்றார். ராணுவத்தினர் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் நுழைந்தனர். நள்ளிரவு கடந்து ஒரு மணியளவில், 300 உறுப்பினர்களில் அங்கு வந்துசேர்ந்திருந்த 190 பேரும் அதை நீக்கக் கோரி வாக்களித்தனர். விடிவதற்குள் அறிவிப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது." கோபம் வர வேண்டியவருக்கு இதைப் படித்தாலே வரும். எழுதுபவர் ஊட்ட வேண்டியதில்லை.

ஆகவே கருத்து கூடாது என்று பொதுவாகச் சொல்வதைவிட, ஒவ்வொரு வரியையும் காட்டி "இது எப்படித் தெரியும்?" என்று கேட்பது பயன் தரும். நடந்தது ஒரு வகை. ஒருவர் சொன்னது இன்னொரு வகை. செய்தி எழுதியவரோ நாமோ ஊகித்தது மூன்றாவது. அதிபர் அறிவித்தார் என்பது நடந்தது. வடகொரிய ஆதரவுச் சக்திகள் ஊடுருவிவிட்டன என்பது அவர் சொன்னது. பதவியைத் தக்கவைக்கவே செய்தார் என்பது ஊகம். இந்த மூன்றையும் பிரித்தறியும் பிள்ளைக்கு நடுநிலை பற்றித் தனியே பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இன்னொரு தவறு இதற்கு நேர் எதிரானது. இதைத்தான் நான் பெரிய தவறாகக் கருதுகிறேன். நடுநிலை என்றால் இரு பக்கத்துக்கும் சரிபாதி இடம் தருவது என்று சொல்லித்தருகிறோம். "அதிபர் சரி என்கிறார், எதிர்க்கட்சி தவறு என்கிறது" என்று எழுதிவிட்டுப் பிள்ளை பேனாவை மூடிவிடுகிறது. ஆனால் 2025 ஏப்ரல் 4 அன்று தென்கொரிய அரசமைப்பு நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக அவரைப் பதவியிலிருந்து நீக்கினர். ராணுவச் சட்டத்தை அறிவிக்கும் அளவுக்கு நாட்டில் நெருக்கடி இருக்கவில்லை என்றனர். அந்தத் தேதிக்குப் பிறகு எழுதும் சுருக்கத்தில் இந்தத் தீர்ப்பு இல்லாவிட்டால் அது ஒரு பக்கம் சாய்ந்த சுருக்கம்தான். தீர்ப்பு வந்துவிட்டது என்பதற்காக அதிபர் சொன்ன காரணங்களை வெட்டியெறிவதும் சரியல்ல. எதிர்க்கட்சி தன் பெரும்பான்மையைக் கொண்டு பட்ஜெட்டை வெட்டியது, அதிகாரிகள் மீது அடுத்தடுத்துப் பதவிநீக்கத் தீர்மானம் கொண்டுவந்தது என்று அவர் குற்றம் சாட்டியதும் செய்தியின் பகுதி. அவர் சொன்னதாக அது இடம்பெற வேண்டும், அவ்வளவே.

நடைமுறை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்க்காமல் விடுவதும் அடிக்கடி நடக்கிறது. யூனைப் பதவிநீக்கக் கோரி நாடாளுமன்றத்தில் வந்த முதல் தீர்மானம் டிசம்பர் 7 அன்று போதிய உறுப்பினர்கள் வாக்களிக்காததால் விழுந்தது. டிசம்பர் 14 அன்று 204 வாக்குகளுடன் இரண்டாவது தீர்மானம் நிறைவேறியது. அன்றைக்கு அவருடைய அதிகாரங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. பதவி போகவில்லை, அது ஏப்ரலில்தான் போனது. அமெரிக்காவிலும் டொனால்ட் டிரம்ப் மீது பிரதிநிதிகள் சபை 2019-இலும் 2021-இலும் பதவிநீக்கத் தீர்மானம் நிறைவேற்றியது. இரண்டு முறையும் மேலவையான செனட் அவரை விடுவித்தது. ஒரு நாட்டின் விதி தெரியாதபோது, தனக்குத் தெரிந்த விதியை வைத்துப் பிள்ளை இடைவெளியை நிரப்பிவிடும். இதற்கு எனக்குப் பிடித்த பயிற்சி: ஒரே நிகழ்வை டிசம்பர் 4, டிசம்பர் 15, ஏப்ரல் 5 என மூன்று தேதிகளில் உட்கார்ந்து எழுதுவதுபோல் மூன்று முறை சுருக்கச் சொல்வது. அன்றைக்குத் தெரிந்ததை மட்டும் எழுத வேண்டும். பின்னால் நடந்தது முன்னால் நுழையக் கூடாது. பெரியவர்களுக்கே இது எளிதல்ல.

எண்களுக்கும் தேதி வேண்டும். 2023 பிப்ரவரி 6 அன்று துருக்கியிலும் சிரியாவிலும் 7.8 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. முதல் நாள் இரவில் சாவு எண்ணிக்கை சில ஆயிரம் என்றிருந்தது. கடைசியில் துருக்கியில் மட்டும் 53,000-ஐத் தாண்டியது. இரண்டு மாணவர்கள் இரண்டு எண்களை எழுதிவந்தால் ஒருவருக்குத் தவறு போட்டுவிடாதீர்கள். எந்த நாள் நிலவரம், யார் கொடுத்த கணக்கு என்பதைச் சேர்த்து எழுதியிருந்தால் இரண்டும் சரி. சேர்க்காவிட்டால் இரண்டும் குறைதான்.

யார் சொன்னது என்பதை விட்டுவிட்டால் எவ்வளவு தூரம் தடம் புரளும் என்பதற்கு 2023 அக்டோபர் 17 இரவு காசாவின் அல்-அஹ்லி மருத்துவமனையில் நடந்த வெடிப்பைவிடத் தெளிவான பாடம் இல்லை. இஸ்ரேலின் தாக்குதல் என்றும் சுமார் 500 பேர் இறந்தனர் என்றும் காசா சுகாதார அமைச்சகம் கூறியது. பின்னர் 471 என்றது. பாலஸ்தீன ஆயுத அமைப்பான இஸ்லாமிக் ஜிஹாத் ஏவிய ராக்கெட் தவறி விழுந்தது என்றது இஸ்ரேல். அந்த அமைப்பு மறுத்தது. அமெரிக்க உளவுத்துறையின் மதிப்பீடு 100 முதல் 300 பேர் வரை என்றிருந்தது. உலகின் பெரிய நாளிதழ்களே அன்றிரவு தலைப்பை மாற்றி மாற்றிப் போட்டன. முதலில் வந்த செய்தியில் ஒரு தரப்பின் கூற்றை அளவுக்கு மீறி நம்பிவிட்டதாக நியூயார்க் டைம்ஸ் சில நாள் கழித்து ஆசிரியர் குறிப்பு வெளியிட்டது. அன்றிரவு ஒரு மாணவர் எழுதியிருக்கக்கூடிய நேர்மையான சுருக்கம் இதுதான்: மருத்துவமனையில் வெடிப்பு நடந்தது, பலர் இறந்தனர், யார் காரணம் என்பதில் இரு தரப்பும் ஒன்றையொன்று குற்றம் சாட்டுகின்றன. "இது முழுமையாக இல்லையே" என்று நாம் மதிப்பெண்ணைக் குறைத்தால், அடுத்த முறை அந்தப் பிள்ளை துணிந்து ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்கும்.

நாட்டை ஒற்றை ஆளாக்கி எழுதும் பழக்கம் தலைப்புச் செய்திகளிலிருந்து பிள்ளைகளுக்குத் தொற்றுகிறது. "பிரிட்டன் ஐரோப்பாவை வெறுத்து ஒதுக்கியது" என்று எழுதுவார்கள். 2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக வேண்டும் என்றவர்கள் 51.9 சதவீதம். ஸ்காட்லாந்தில் 62 சதவீதத்தினர் ஒன்றியத்திலேயே இருக்க வாக்களித்தனர். எந்த அரசு, எந்தக் கட்சி, எத்தனை பேர் என்று கேட்டாலே வாக்கியம் நேராகிவிடும்.

சுருக்கம் என்றதும் பின்னணியை முதலில் வெட்டுகிறோம். அந்த டிசம்பர் இரவில் தென்கொரியத் தலைநகர் சோல் மக்கள் ஏன் குளிரில் நாடாளுமன்றத்தை நோக்கி ஓடினார்கள்? 1980 மே மாதம் ராணுவச் சட்டத்தின்கீழ் குவாங்ஜு நகரில் மக்கள் சுட்டுக்கொல்லப்பட்டது அந்நாட்டின் நினைவில் இருக்கிறது. அதற்குப் பிறகு அங்கே ராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது இதுவே முதல் முறை. இந்த ஒரு வரி இல்லாவிட்டால் வாசிப்பவருக்கு அந்த இரவு புரியாது.

சில செய்திகள் நம் பிள்ளைகளுக்கு வெளிநாட்டுச் செய்தியே அல்ல. இலங்கைச் செய்தியைப் படிக்கும் மாணவருக்கு அங்கே உறவினர் இருக்கலாம். உணர்ச்சியை அடக்கு என்று சொல்வது கொடுமை. இடப்பக்கம் சுருக்கம், வலப்பக்கம் தன் எண்ணம் என்று நோட்டில் இரண்டு பக்கம் கொடுத்துவிடுங்கள். வலப்பக்கத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள், ஆனால் கட்டாயம் படியுங்கள். இடப்பக்கத்தில் சிவப்பு மையில் "கருத்து" என்று சுழிப்பதற்குப் பதில், வரியின் ஓரத்தில் "யார் சொன்னது? எப்போது?" என்று எழுதித் திருப்பிக் கொடுங்கள். திருத்தி எழுதியதற்கு மதிப்பெண் போடலாம்.