காற்றில் நிற்கும் பசுமைக்குடில்: முளை அடித்து ஏமாந்தவன் சொல்லும் செய்முறை

கம்பி, வளைவு, சட்டம் எதுவும் கிடையாது, உள்ளே ஊதும் காற்றுதான் கூரையைத் தூக்கி நிறுத்தும். சட்டத்துக்கான காசு மிச்சம் என்றுதான் நானும் இதில் இறங்கினேன். தரை 6 மீட்டருக்கு 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் பாலித்தீன் ஷீட். வெயிலின் யூவி (புற ஊதா) கதிரைத் தாங்கும் ரகம், 200 மைக்ரான் (0.2 மி.மீ.) தடிமன், இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பாலித்தீனில் சாதாரணப் பசை நிற்காது. ஓரங்களைச் சேர்த்து, மேலும் கீழும் கேக் சுடும்போது தட்டில் விரிக்கும் பேக்கிங் (baking) தாள் வைத்து, இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் உருகி ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு சூடு என்பதை ஒரு துண்டில் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

அப்புறம் ப்ளோயர். எக்ஸாஸ்ட் ஃபேன் போதுமே என்பார்கள், போதாது, உள்ளே நிறைந்த காற்று திருப்பித் தள்ள ஆரம்பித்ததும் திணறிவிடும். காற்றை நடுவில் இழுத்து ஓரமாக வீசித் தள்ளும் சென்ட்ரிஃபியூகல் ப்ளோயர்தான் என் கட்சி. 40 வாட் என்றால் நாளெல்லாம் ஓடினாலும் ஏறக்குறைய ஒரு யூனிட்தான்.

அழுத்தம் பார்க்க மீட்டர் வாங்காதீர்கள். உள்ளிருக்கும் தண்ணீர் வெளியே தெரிகிற பிளாஸ்டிக் டியூபை யூ வடிவில் வளைத்து, பாதிவரை தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை மட்டும் குடிலுக்குள் விடுங்கள். இரு பக்கத் தண்ணீருக்கும் 20 மி.மீ. வித்தியாசம் இருக்கட்டும். மணிக்கு 60 கி.மீ. காற்று முகத்தில் அடித்தால் அது சுமார் 17 மி.மீ. தண்ணீர் அளவு அழுத்தம், அதைவிட உள்ளே குறைந்தால் சுவர் குழிந்துவிடும்.

நான் மாட்டிக்கொண்டது இதற்கு அடுத்த இடத்தில். 20 மி.மீ. என்ன பெரிசு என்று கூடாரத்துக்கு அடிக்கிற மாதிரி நாலு பக்கமும் முளை அடித்துவிட்டுத் தூங்கப் போனேன், காலையில் பார்த்தால் முளைகள் பிடுங்கிக்கொண்டு ஷீட் வேலியில் தொங்குகிறது. கணக்கு அப்புறம்தான் புரிந்தது: 1 மி.மீ. தண்ணீர் என்பது சதுர மீட்டருக்கு 1 கிலோ. 18 சதுர மீட்டருக்கு 360 கிலோ மேலே இழுக்கிறது! சுற்றளவும் 18 மீட்டர், ஆக மீட்டருக்கு 20 கிலோ, காற்றடித்தால் இன்னும் கூடும். இப்போது 30 செ.மீ. ஆழம், 20 செ.மீ. அகலத்தில் சுற்றிலும் பள்ளம் வெட்டி, ஷீட் ஓரத்தை உள்ளே மடித்துப் போட்டு மண்ணை மிதித்து மூடுகிறேன். மீட்டருக்கு 80, 90 கிலோ மண் உட்கார்ந்துவிடும்.

உள்ளே இருக்கும் காற்று மொத்தமாக வெளியே போகாமல் இருக்க கதவு இரட்டையாக இருக்கட்டும், ஒன்றை மூடிவிட்டு மற்றதைத் திறக்க வேண்டும்.

பின்சேர்க்கை: கரண்ட் போனால் என்ன ஆகும் என்று பலர் கேட்டுவிட்டீர்கள். ப்ளோயர் வாயில் உள்பக்கமாக ஒரு ரப்பர் மடல் தொங்கவிடுங்கள், ப்ளோயர் நின்றதும் அது தானே மூடிக்கொள்ளும், குடில் மெதுவாகத்தான் இறங்கும். செடிமேல் ஷீட் விழாமல் இருக்க குறுக்கே இரண்டு கயிறு கட்டி வையுங்கள்.