முதல் ஒக்டோபரில் கைக்கு வரும் மசித்த உருளைக்கிழங்கு

கனடாவுக்கு வந்த முதல் ஆண்டிலேயே யாராவது ஒருவர் உங்கள் கையில் ஒரு பெட்டி மசித்த உருளைக்கிழங்கைத் தருவார். அவர் வேலையிடத்து மேற்பார்வையாளராக இருக்கலாம்; நீங்கள் வாடகைக்கு இருக்கும் பேஸ்மென்ட்டுக்கு மேலே குடியிருக்கும் வீட்டுக்காரராக இருக்கலாம்; தேவாலயத்தில் விருந்து பரிமாறும் தொண்டராகவும் இருக்கலாம். ஒக்டோபர் மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை இங்கே நன்றி நவிலல் நாள். 1957இல் நாடாளுமன்றம் அந்தத் திங்களை நிலையான நாளாக்கியது. அன்றைய மேசையில் வான்கோழிக்குப் பக்கத்தில் மசித்த கிழங்கு ஒரு பெரிய பாத்திரம் நிறைய இருக்கும். விருந்தாளிக்குக் குறைந்துவிடக் கூடாது என்று அளவுக்கு மேல் செய்வார்கள். மிஞ்சியதைப் பெட்டியில் அடைத்து, வந்தவர் கையில் கொடுத்து அனுப்புவார்கள். நம் வீட்டு விசேஷங்களில் சோறும் கறியும் கட்டிக் கொடுத்து விடுகிறோமே, அதே மனதுதான்.

எனக்கு அப்படி வந்த முதல் பெட்டி குப்பைக்குப் போனது. உறைப்பு இல்லை, புளிப்பு இல்லை, கறிவேப்பிலை வாசம் இல்லை; இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் பின்மூலையில் ஒரு வாரம் கிடந்து புளித்துப் போயிற்று. ஒவ்வொரு டொலரையும் எண்ணிச் செலவு செய்த காலம் அது. அந்தக் கிழங்கில் இருபது கட்லட் இருந்தது என்று அன்று எனக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது.

முதலில், பெட்டியில் இருப்பது என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். நாம் ஊரில் கிழங்கை அவித்து, தோல் உரித்து, கையால் பிசைந்தால் அதில் கிழங்கைத் தவிர வேறொன்றும் இருக்காது. இங்கே மசித்த கிழங்கு என்றால் அதற்குள் பாலும் பட்டரும் போயிருக்கும். சில வீடுகளில் கிரீமும் சீஸும் வாட்டிய உள்ளியும்கூடச் சேர்ப்பார்கள். உப்பும் மிளகும் முன்பே போட்டாகிவிட்டது. ஆகவே அது நம் கிழங்கைவிட இளகியது, கொழுப்புக் கூடியது, உப்பு ஏறியது. ஊரில் செய்த கணக்கை அப்படியே இங்கே போட்டால் பிழையாகிவிடும்.

சைவமாக இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒக்டோபரின் இரண்டாவது திங்கள் எப்போதும் நமது புரட்டாசிக்குள்தான் விழும். சனி விரதம் பிடிப்பவர்கள் இருப்பீர்கள். பல ஆண்டுகளில் நவராத்திரியும் அதே நாட்களை ஒட்டி வரும். கிழங்கு வெள்ளையாக இருக்கிறது என்பதற்காக அது சைவம் என்று எண்ணிவிடாதீர்கள். கோழி அவித்த நீர் விட்டு மசிப்பவர்கள் இருக்கிறார்கள். பன்றி இறைச்சித் துணுக்குகளைப் பொரித்து மேலே தூவுபவர்களும் உண்டு. மேலே ஊற்றிய கபில நிறக் கிரேவி பெரும்பாலும் வான்கோழியை வாட்டும்போது வடிந்த சாற்றில் செய்தது. தருபவரிடம் "இதில் இறைச்சி ஏதும் சேர்ந்திருக்கிறதா?" என்று கேட்பதில் ஒரு மரியாதைக் குறைவும் இல்லை. இங்கே உள்ளவர்கள் விருந்தாளியிடம் தாங்களே அதைக் கேட்கப் பழகியவர்கள். நீங்கள் கேட்டால் நேராகப் பதில் சொல்வார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியை மேசையில் விட்டுவிட்டுப் படுக்கப் போகாதீர்கள். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சுகாதார அறிவுரை. உள்ளே வெப்பம் 4 பாகை செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். வெளியே குளிர்தானே என்று நினைக்கலாம், ஆனால் சூடாக்கிய வீட்டுக்குள் பாலும் பட்டரும் கலந்த கிழங்கு விரைவில் பழுதாகும். நான் மூன்றாம் நாளுக்கு மேல் வைப்பதில்லை. உடனே சமைக்க நேரமில்லை என்றால், கிழங்கை உருண்டைகளாகப் பிடித்து உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். பால், பட்டர் சேர்ந்த கிழங்கு உறைந்து இளகினாலும் அவ்வளவாகக் கெடாது. வெறும் கிழங்குதான் நீர்விட்டுச் சொதசொதத்துப் போகும்.

குளிர்ந்தபின் கிழங்கை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். நேற்றுக் கரண்டியிலிருந்து வழிந்தது இன்று கரண்டியோடு நிற்கும். சூட்டில் நீரை உறிஞ்சி ஊதிய மாச்சத்து ஆறும்போது மறுபடி இறுகுகிறது, பட்டரும் உறைந்துவிடுகிறது. நமக்கு இந்த இறுக்கம்தான் வேண்டும். அதைச் சூடாக்கி இளக்கி விட்டு உருட்டப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், கை முழுக்க ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். குளிராகவே வேலை செய்யுங்கள். கட்டி இருக்கிறதே என்று மிக்ஸியில் மட்டும் போட்டுவிட வேண்டாம். அலகு பட்டு மாச்சத்து உடைந்தால் கிழங்கு பசையாகிவிடும், பிறகு எதைப் போட்டும் மீட்க முடியாது.

கட்லட்

முதலாவதாக இதைத்தான் செய்து பாருங்கள் என்பேன், ஏனென்றால் மசித்த கிழங்கைப் பார்த்ததும் நம் கைக்கு நினைவு வருவது இதுதான். இரண்டு கோப்பை குளிர்ந்த கிழங்குக்கு 425 கிராம் டின் மீன் ஒன்று போதும். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எந்தத் தமிழ்க் கடையிலும் கிடைக்கும். டின்னைத் திறந்து நீரை முழுவதும் வடித்துவிடுங்கள். நடுமுள்ளை எடுத்து மீனைக் கையால் உதிர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய வெங்காயம், மூன்று பச்சை மிளகாய், இரண்டு நெட்டுக் கறிவேப்பிலை ஆகியவற்றைப் பொடியாக அரிந்து, சிறிது எண்ணெயில் வெங்காயம் பொன்னிறமாகும்வரை தாளியுங்கள். மீனைப் போட்டு, மிளகுத்தூளும் பெருஞ்சீரகத்தூளும் ஒவ்வொரு தேக்கரண்டி சேர்த்து, இளந்தீயில் கிளறிக்கொண்டே இருங்கள்.

எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள், சத்தத்தைக் கேளுங்கள். ஈரம் இருக்கும்வரை தாச்சியில் சலசலவென்று கேட்கும். அது அடங்கி, மீன் உதிரி உதிரியாகப் பிரிந்து, அகப்பை தாச்சியில் உரசும் ஒலி கேட்கத் தொடங்கும்போது இறக்குங்கள். இறக்கியபின்தான் அரைத் தேசிக்காய்ப் புளி. உப்புப் போட வேண்டாம். கிழங்கிலும் இருக்கிறது, மீனிலும் இருக்கிறது. கிழங்கோடு கலந்தபின் ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்து முடிவு செய்யலாம்.

என் முதல் கட்லட் எண்ணெயில் போட்ட அரை நிமிடத்தில் வாய் பிளந்து கரைந்துபோனது. எண்ணெய் முழுக்கத் துகள், வீடு முழுக்கப் புகை, கூரையிலிருந்த புகை எச்சரிக்கைக் கருவி அலறியது. ஊரில் அம்மாவுடன் நூறு முறை உருட்டிய கைதான். பிழை கையில் இருக்கவில்லை. சூடான எண்ணெயில் உள்ளேயிருந்த பட்டர் உருகி வெளியே வர வழி தேடியது, பாலின் ஈரம் நீராவியாகித் தோலைக் கிழித்தது. கிழங்கு பட்டர் போட்டது என்று நினைத்துப் பார்த்திருந்தால் அதற்கு ஏற்றபடி மூன்று காரியம் செய்திருப்பேன். ஈரம் கூடிய கிழங்கை அகன்ற தாச்சியில் எண்ணெய் விடாமல் பரப்பி, ஓரத்தை விட்டுத் திரண்டு வரும்வரை இளந்தீயில் வற்றவைத்து, மறுபடி நன்றாகக் குளிரவைக்க வேண்டும். அதன்பின்னும் இளக்கமாக இருந்தால் இரண்டு மூன்று மேசைக்கரண்டி ரஸ்க் தூளைக் கலக்க வேண்டும். உருட்டியதை உடனே பொரிக்காமல் அரை மணி நேரம் குளிரில் வைக்க வேண்டும். இந்த மூன்றையும் செய்யத் தொடங்கிய பிறகு ஒன்றுகூட வெடித்ததில்லை.

உணவு வங்கிக்குப் போகும் மாணவர்களுக்கு ஒரு வழி. அங்கே சிலவேளை, சுடுநீர் விட்டுக் கரைக்கும் உலர்ந்த உருளைக்கிழங்குச் சீவல் பெட்டி தருவார்கள். தனியாகக் கரைத்துச் சாப்பிட அது அவ்வளவு ருசிக்காது. ஆனால் இளகிய கிழங்கை இறுக்க அதைப் போல வேறொன்று இல்லை. ஒரு கைப்பிடி தூவிப் பத்து நிமிடம் விட்டால் ஈரத்தையெல்லாம் குடித்துவிடும்; அதுவும் கிழங்கே என்பதால் ருசி மாறாது.

உருண்டைகள் தேசிக்காய் அளவில் இருக்கட்டும். பெரிதாகப் பிடித்தால் உள்ளே சூடேறுவதற்குள் வெளியே கருகும். மூன்று மேசைக்கரண்டி கோதுமை மாவை நீர் விட்டுத் தோசை மா பதத்தில் கரைத்து, அதில் தோய்த்து, ரஸ்க் தூளில் புரட்டி, மெல்ல அழுத்திவிடுங்கள். எண்ணெயில் ஒரு துண்டுப் பாண் போட்டால் நுரைத்து மேலே வர வேண்டும்; அதுதான் சூட்டின் அளவு. ஒரு தடவைக்கு நான்குக்கு மேல் போட வேண்டாம், போட்டதும் கிளறவும் வேண்டாம். ஒரு பக்கம் இறுகியபின் திருப்புங்கள். எண்ணெய் வேண்டாம் என்பவர்கள் மேலே சிறிது எண்ணெய் தடவி அவனில் 400 பாகையில் இருபது நிமிடம் வைத்து, நடுவே ஒருமுறை திருப்பலாம். இங்கே பல அவன்கள் பாரன்ஹீட்டில் இருக்கும். 400 என்பது நாம் அறிந்த செல்சியஸில் ஏறக்குறைய 200.

இந்தத் தேசத்திலும் நம் கட்லட்டுக்கு ஓர் உறவு இருக்கிறது. கிழக்குக் கரைத் தீவான நியூபவுண்ட்லாந்தில் உப்பிட்ட கொட் மீனை ஊறவைத்து அவித்து, மசித்த கிழங்கும் வெங்காயமும் சேர்த்துத் தட்டையாகத் தட்டி, தாச்சியில் சுட்டெடுப்பார்கள். மிஞ்சிய கிழங்கை அந்த மீனவர் வீடுகள் வீணாக்குவதில்லை. 1986 ஆகஸ்டில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நடுக்கடலில் தவித்த 155 ஈழத்தமிழரைக் கண்டு கரை சேர்த்தவர்கள் அந்தக் கரையின் மீனவர்களே. அவர்களுடைய மீன் கட்லட்டை நான் உண்ணும்போது அதை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

மீன் வேண்டாம் என்றால்

அதே விருந்தில் மிஞ்சிய பட்டாணி, கரட், சோளம் இருந்தால் அவையே போதும். வெங்காயத்தோடு வதக்கி ஈரம் போக்கிக் கலந்தால் மரக்கறிக் கட்லட். கடலை மாவில் தோய்த்தால் போண்டா. அதற்கு மட்டும் தாளிதத்தில் கடுகும் இஞ்சியும் மஞ்சளும் வேண்டும். தோசைக்குள் வைக்கப் போகிறீர்கள் என்றால் பட்டர் இருப்பது நல்லதே, வற்றவைக்கும் வேலையும் இல்லை.

வேலைக்கு விடியற்காலையில் போகிறவர்களுக்கு ரொட்டி. ஒரு கோப்பை கிழங்குக்கு ஏறக்குறைய ஒரு கோப்பை கோதுமை மா, பொடியாக அரிந்த வெங்காயம், பச்சை மிளகாய். நீர் ஒரு துளியும் விடாதீர்கள். கிழங்கின் ஈரமே மாவைச் சேர்த்துக்கொள்ளும். தட்டிச் சுட்டால் மறுநாள் மதியம்வரை மெத்தென்று இருக்கும். ஊர் ரொட்டி ஆறினால் இறுகிவிடும், இது இறுகாது. கட்டச்சம்பலோடு மதிய உணவுப் பெட்டியில் வைத்தால் சூடாக்கும் இயந்திரத்துக்கு முன் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

மொன்றியலில் குடியேறியவர்கள் "பாத்தே ஷினுவா" என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். கீழே அரைத்த மாட்டிறைச்சி, நடுவில் சோளம், மேலே மசித்த கிழங்கு. கியூபெக் வீடுகளின் அன்றாடச் சாப்பாடு. மாட்டிறைச்சிக்குப் பதிலாகக் கோழியையோ சோயாவையோ நம் கறித்தூள் போட்டுப் பிரட்டி அடுக்கிப் பாருங்கள். பிள்ளைகள் பள்ளியில் கண்டதும் வீட்டில் உண்டதும் ஒரே தட்டில் சேர்ந்து வரும்.

கிழங்கை நீங்களே வாங்கும் நாளும் வரும். பத்து இறாத்தல் பை மலிவு. கட்லட்டுக்குக் கபிலத் தோல் ரஸட் கிழங்கு, மாவாக உதிரும். மஞ்சள் நிற யூகோன் கோல்ட், ரொறன்ரோவிலிருந்து ஒரு மணி நேரச் சொச்சத் தூரத்திலுள்ள குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1980இல் வெளிவந்தது. அது கறிக்கு நன்று, கரையாமல் துண்டு நிற்கும்.

வாடகை வீட்டுச் சமையலறை

பொரிக்கும்போது காற்றுறிஞ்சியைப் போட்டு, யன்னலைச் சிறிது திறந்து வையுங்கள். எச்சரிக்கைக் கருவி அலறுகிறது என்று அதன் பட்டரியைக் கழற்றாதீர்கள். ஒன்ராறியோவில் அது சட்டப்படி குற்றம். பேஸ்மென்ட்டில் இருப்பவர்களுக்கு அந்தக் கருவிதான் உயிர்க்காவல். இங்குள்ள மின்னடுப்பு நிறுத்தியபின்னும் நீண்ட நேரம் சூடாக இருக்கும். ஆகவே எண்ணெய் தீப்பற்றினால் நீர் ஊற்றாமல் மூடியால் மூடி, அடுப்பை அணைத்துவிட்டு, தாச்சியை அசைக்காமல் விடுங்கள். ஆறிய எண்ணெயைக் கழுவுதொட்டியில் ஊற்றவே கூடாது. குளிரில் குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும். வடித்து எடுத்து வைத்து இன்னொரு முறை பயன்படுத்துங்கள். அடியில் நிற்கும் மண்டியைக் கடதாசித் துவாயில் ஒற்றி உணவுக்கழிவுப் பச்சைத் தொட்டியில் போடலாம்.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறும் பெட்டியாகக் கொடுக்காதீர்கள். நம் பக்கத்தில் யாரும் அப்படிக் கொடுப்பதில்லை. ஆறு கட்லட் வைத்துக் கொடுங்கள். பச்சை மிளகாயை அதற்கு மட்டும் ஒன்றாகக் குறைத்துவிடுங்கள். "நீங்கள் தந்த கிழங்கில் செய்தது" என்று சொல்லுங்கள். எனக்கு இந்த ஊரில் கிடைத்த முதல் நட்பு அந்த ஒரு வாக்கியத்தில் தொடங்கியது. ஒவ்வாமை உள்ளவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால், ஒரு துண்டுக் கடதாசியில் மீன், கோதுமை என்று உள்ளே இருப்பதை எழுதி மூடியில் ஒட்டிவிடுங்கள்.