தமிழில் தேடும்போது பெட்டிக்குள் என்ன எழுதுவது?

திருகோணமலைப் பாடசாலைகளில் உள்ளூர் வரலாறு பற்றி ஒப்படை கொடுத்தால், பிள்ளைகள் போய் நிற்கும் இடங்களில் ஒன்று தமிழ் விக்கிப்பீடியாவின் தேடற்பெட்டி. ஒன்றும் வராவிட்டால் "தமிழில் இதைப் பற்றி எதுவுமே இல்லை" என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம் இது. பல நேரம் கட்டுரை இருக்கிறது. நீங்கள் அடித்த எழுத்தும் கட்டுரையில் உள்ள எழுத்தும்தான் ஒத்துப்போகவில்லை. கூகுள் ஓரளவு ஊகித்துக்கொள்ளும். ஒரு தளத்துக்குள் இருக்கும் தேடற்பெட்டியிடம் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது.

படி 1: கேள்வியாகக் கேட்க வேண்டாம்

"ஜப்பான் எப்போது திருகோணமலையில் குண்டு போட்டது?" என்று முழு வாக்கியமாக அடித்தால், அந்தச் சொற்கள் அத்தனையும் உள்ள பக்கத்தைத்தான் விக்கிப்பீடியா தேடும். 'எப்போது', 'போட்டது' எல்லாம் கட்டுரையில் இருக்க வேண்டிய அவசியமில்லையே. பெயர்ச்சொற்களை மட்டும் வையுங்கள்:

திருகோணமலை ஜப்பான் தாக்குதல்

இரண்டு மூன்று சொல் போதும். வரவில்லை என்றால் ஒன்றைக் குறையுங்கள், கூட்ட வேண்டாம்.

படி 2: எழுதியவர் எப்படி எழுதியிருப்பார்?

அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். ஜப்பானை யப்பான், சப்பான் என்றும் எழுதுகிறார்கள். நம் ஊரே திருகோணமலை, திருக்கோணமலை என்று இரண்டு விதம். கோயிலுக்கோ கோணேஸ்வரம், கோணேசுவரம், கோணேச்சரம், திருக்கோணேச்சரம் என்று நீளும்.

வெளிநாட்டுப் பெயர்களில் சிக்கல் இன்னும் கூடுதல். 1660இல் மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட ஆங்கிலேயரை நாம் ரொபர்ட் நொக்ஸ் என்போம். தமிழ்நாட்டவர் எழுதினால் ராபர்ட் நாக்ஸ். 'புகையிரதம்' என்று தேடியவருக்கு 'ரயில்', 'தொடருந்து' என்று எழுதிய பக்கங்கள் கிடைக்காமல் போகலாம். அதனால் தேடத் தொடங்கும் முன் ஒரு தாளில் எல்லா வடிவங்களையும் எழுதி, ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் பலன் உண்டு.

படி 3: வேற்றுமை உருபும் நட்சத்திரக் குறியும்

கந்தளாய், கந்தளாய்க் குளம், கந்தளாயில், கந்தளாயின். நமக்கு எல்லாம் ஒரே ஊர். இயந்திரத்துக்கு வேறு வேறு சொற்கள். விக்கிப்பீடியாவில் சொல்லின் முடிவில் * போட்டால், அந்த எழுத்துகளில் தொடங்கும் சொற்களையெல்லாம் எடுத்துத் தரும்.

ஆனால் கந்தளாய்* என்று அடித்தால் கந்தளாயில் வராது. காரணம், கணினியில் எழுத்துகளைப் பதியும் பொது முறையான யுனிகோட்டில் புள்ளி ஒரு தனிக் குறியீடு. 'ய்' என்பது ய-வும் புள்ளியும். 'யி' என்பது ய-வும் இகரக் குறியும். ஆகவே கடைசிப் புள்ளியை எடுத்துவிட்டு நட்சத்திரம் போடுங்கள்:

கந்தளாய* குள*

குளம், குளத்தில், குளங்கள் எல்லாம் இதற்குள் அடங்கும். குள* என்று மட்டும் அடித்தால் அதே காரணத்தால் குளிரும் குளவியும் வந்து சேரும். பக்கத்தில் கந்தளாய* இருப்பதால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. இப்படித்தான் நம் ஊர்க் கன்னியா வெந்நீரூற்றைத் தேடிக் கன்னியா* என்றால் கன்னியாகுமரி வந்து நிற்கும். கன்னியா* வெந்நீர* என்று அடியுங்கள். வெந்நீர் ஊற்று என்று பிரித்து எழுதியதும், வெந்நீரூற்று என்று சேர்த்து எழுதியதும் மாட்டும். எல்லாத் தளமும் நட்சத்திரத்தை ஏற்காது, முதலில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

படி 4: ஆண்டு தெரிந்தால் அதைப் போடுங்கள்

பெயரை எத்தனை விதமாக எழுதினாலும் இலக்கம் மாறாது. ஜப்பானிய விமானங்கள் இங்கே தாக்கியது 1942 ஏப்ரல் 9. திருகோணமலை* 1942* என்று தேடினால் யப்பானா சப்பானா என்ற குழப்பமே தேவையில்லை. '1942இல்' என்று ஒட்டி எழுதுபவர்கள் நிறைய இருப்பதால் இங்கும் நட்சத்திரம்.

படி 5: மேற்கோள் குறி, கழித்தல் குறி

கோணேஸ்வரம் கோயிலருகே உள்ள பாறைப் பிளவைத் தேட "இராவணன் வெட்டு" என்று மேற்கோளுக்குள் அடித்தால் இரண்டு சொல்லும் அடுத்தடுத்து இருக்கும் பக்கங்கள் மட்டும் வரும். வராவிட்டால் "ராவணன் வெட்டு".

வேண்டாததை நீக்கக் கழித்தல் குறி: கோட்டை -கொழும்பு. குறிக்கும் சொல்லுக்கும் இடையில் வெளி விடாதீர்கள்.

படி 6: அப்படியும் கிடைக்கவில்லையா?

கூகுளில் ஆங்கில எழுத்தில் site என்று அடித்து, ஒட்டினாற்போல் : போட்டு, தளத்தின் முகவரியையும் ஒட்டி எழுதுங்கள். ஓர் இடைவெளி விட்டு உங்கள் சொற்களைச் சேருங்கள். அந்தத் தளத்துக்குள் மட்டும் கூகுள் தேடித் தரும்.

பழைய பிடிஎஃப் கோப்புகள் யுனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் இருந்தால், கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கிலக் குறியீடுகள். யுனிகோட்டில் தேடினால் அகப்படாது. ஸ்கேன் செய்த புத்தகங்களோ வெறும் படங்கள். ஈழத்து நூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் நூலகம் தளத்தில் இத்தகைய ஸ்கேன் பிரதிகள் ஏராளம். அங்கே புத்தகத்துக்குள் உள்ள வரியைத் தேடாமல், நூலின் பெயரையோ ஆசிரியர் பெயரையோ அடியுங்கள். பெயர் தெரியாவிட்டால் 'திருகோணமலை', அடுத்து 'திருக்கோணமலை' என்று தேடி, வரும் தலைப்புகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். கோயில்களும் பாடசாலைகளும் வெளியிட்ட சிறப்பு மலர்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஊர் வரலாறு பலதும் அவற்றில்தான் இருக்கிறது.