கைக்குழந்தைக்கு கார் சீட் பொருத்துவது எப்படி?

"என் மடியை விடவா இந்தப் பிளாஸ்டிக் தொட்டி பத்திரம்?" என்று கேட்டார் அத்தை. நியாயமான கேள்விதான். 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் மோதி, அரை மீட்டருக்குள் நின்றால், 8 கிலோ குழந்தை அந்தக் கணத்தில் ஏறக்குறைய 160 கிலோ கனத்தோடு முன்னால் பாயும். எந்தக் கை தாங்கும்? கணக்கைச் சொன்னதும் அவரே பெல்ட்டை இழுத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

படி 1: இடம். பின் சீட்டுதான். முன்பக்க ஏர்பேக் கண் சிமிட்டும் நேரத்துக்குள் வெடித்து விரியும். அது பெல்ட் போட்ட பெரியவருக்காகச் செய்தது. முதுகு டாஷ்போர்டைப் பார்க்கும்படி வைத்த குழந்தை சீட்டை அது நேராக அறையும். வேறு வழியே இல்லாமல் முன்னால் வைத்தால் ஏர்பேக்கை அணைத்தே ஆக வேண்டும். சில கார்களில் அதற்குச் சாவி போடும் சுவிட்ச் உண்டு. சுவிட்ச் இல்லையென்றால் முன்னால் வைக்கவே வேண்டாம். (டாஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையாரும் ஏர்பேக் மூடியின் மேல் இருக்கக் கூடாது. விரியும்போது கல்லாய்ப் பறப்பார்.)

படி 2: திசை. குழந்தையின் முகம் காரின் பின்பக்கம் பார்க்க வேண்டும். கைக்குழந்தைக்குத் தலை கனம், கழுத்து பிஞ்சு. மோதும்போது சீட்டின் முதுகு தலையையும் முதுகையும் சேர்த்துத் தாங்கும். குழந்தை சீட்டுகளுக்கான ஐரோப்பிய ஐ-சைஸ் விதி குறைந்தது 15 மாதம் வரை இப்படித்தான் என்கிறது. கால் மடங்குகிறதே என்று அவசரப்பட்டுத் திருப்பாதீர்கள்.

படி 3: பொருத்துதல். பின் சீட்டின் முதுகும் இருக்கையும் சேரும் இடுக்கில் விரலை விட்டால் இரண்டு இரும்பு வளையங்கள் தட்டுப்படும். அதுதான் ஐசோஃபிக்ஸ். குழந்தை சீட்டின் இரண்டு கொக்கிகளையும் அதில் தள்ளுங்கள்; 'க்ளிக்' சத்தம் இரண்டு பக்கமும் கேட்க வேண்டும். வளையம் இல்லாத பழைய காரில் சீட் பெல்ட்டால் கட்டலாம். பின்திரும்பி வைக்கும்போது பெல்ட் போகும் வழி பெரும்பாலும் நீல நிறத்தில் குறித்திருக்கும். கட்டியதும் அந்த இடத்தைப் பிடித்து உலுக்குங்கள். 2.5 செ.மீ.க்கு மேல் ஆடினால் மறுபடி முதலிலிருந்து.

படி 4: வார், அதாவது குழந்தையைச் சீட்டோடு பிடித்துக் கட்டும் பட்டை. தோள் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருந்து வர வேண்டும். தோளருகே வாரை விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு சிக்கினால் இன்னும் இறுக்குங்கள். துண்டு, கம்பளியெல்லாம் வாரைப் பூட்டிய பிறகு மேலே போர்த்த வேண்டும். உள்ளே சுற்றினால் வார் தொளதொளத்துவிடும்.

விபத்தில் சிக்கிய பழைய சீட்டைச் சொந்தக்காரர் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையை பெல்ட்டோ இத்தகைய சீட்டோ இல்லாமல் ஏற்றினால், மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதம் உண்டு.

வெயிலில் நிறுத்திய கார் என்றால், வாரின் உலோகப் பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார வையுங்கள். சித்திரை மாதத்தில் சுட்டுவிடும்.