ஜூசி லூசி பர்கரை நாக்குச் சுடாமல் உண்பது எப்படி?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள மினியாபோலிஸ் நகருக்குப் புதிதாகச் செல்பவர்களை, அங்கு வசிக்கும் நண்பர்கள் ஒரு மாலையிலாவது தெருமுனை பார் ஒன்றுக்கு அழைத்துச் சென்று ஜூசி லூசி என்னும் பர்கரை வாங்கிக் கொடுப்பார்கள். பார்வைக்கு இது மிகச் சாதாரணமான பர்கர்தான். ஆனால் சீஸ் இறைச்சியின் மேல் இல்லாமல் அதன் வயிற்றுக்குள் இருக்கும். அந்த ஒரு வேறுபாட்டினால் இதை உண்ணும் முறையே மாறிவிடுகிறது. வட்டமாகத் தட்டிய இறைச்சிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லைத் தமிழில் எழுதினால் ஒன்று பாட்டியாகிறது, இல்லையேல் பேட்டியாகிறது. ஆகவே இங்கே அதை வில்லை என்றே குறிப்பிடுகிறேன்.

படி 1: எங்கே செல்வது?

சீடர் அவென்யூ என்னும் ஒரே சாலையில் இரண்டு கடைகள் இந்தப் பர்கருக்கு உரிமை கொண்டாடுகின்றன. 35ஆம் தெரு முனையில் இருப்பது 1954இல் தொடங்கப்பட்ட மேட்ஸ் பார். அதற்குத் தெற்கே ஏறத்தாழ மூன்று மைல் தொலைவில், 58ஆம் தெரு முனையில் இருப்பது, மதுவிலக்குக் காலமாகிய 1928இல் கள்ளத்தனமாக மது விற்கும் இடமாகத் தோன்றிய ஃபைவ் எய்ட் கிளப். வாடிக்கையாளர் ஒருவர் இரண்டு வில்லைகளுக்கு நடுவே சீஸை வைத்துச் சுட்டுத் தருமாறு கேட்டு, முதல் கடியிலேயே வாயைத் துடைத்துக்கொண்டு வியந்து சொன்ன சொல்லே பெயராகிவிட்டது என்பது மேட்ஸ் பாரில் வழங்கும் கதை. அந்தக் கடை, ‘ஜூசி’ என்னும் சொல்லை ஓர் ஆங்கில எழுத்தை விட்டுவிட்டுத்தான் எழுதுகிறது; மற்றக் கடை முழுமையாக எழுதுகிறது. பிழையாக எழுதப்பட்டதுதான் அசல் என்று ஒரு தரப்பும், சரியாக எழுதியவர்களே சரியாகச் செய்வார்கள் என்று மறு தரப்பும் பல ஆண்டுகளாக வழக்காடி வருகின்றன. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகவே வந்துவிடுவதால் நமக்கு அந்தச் சண்டை இல்லை. 2014 ஜூனில் அன்றைய அதிபர் பராக் ஒபாமா மேட்ஸ் பாருக்கு வந்து இதை உண்டார். முதன்முறை செல்பவர்கள் அங்கேயே தொடங்கலாம் என்பது என் எண்ணம். இடம் சிறியது என்பதால் கூட்டம் குறைந்த பிற்பகலில் செல்வது நல்லது.

படி 2: ஆர்டர் சொல்லும் முறை

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும்: இது மாட்டிறைச்சி. உண்ணாதவர்கள் பட்டியலில் வேறு ஏதேனும் உண்டா என்று பரிமாறுபவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. சீஸ் வேண்டாதவர்களும் சாதாரண பர்கரையே கேட்க வேண்டும்; உள்ளே மூடிச் சுடப்பட்ட பின் அதை எடுத்துப்போட வழியில்லை. இறைச்சி எவ்வளவு வேக வேண்டும் என்றும் இதில் பேரம் பேச இயலாது, நன்றாக வெந்தே வரும். வதக்கிய வெங்காயம் வேண்டுமா என்று கேட்டால் மறுக்காதீர்கள். பீர் அருந்துவோர் 21 வயது நிறைந்ததற்கான அடையாள அட்டையையும், எல்லோரும் கொஞ்சம் ரொக்கத்தையும் கையில் வைத்திருப்பது நல்லது.

படி 3: காத்திருத்தல்

இந்தப் பர்கரை உண்பதில் பாதிக் கலை காத்திருப்பதில்தான் இருக்கிறது. கொழுக்கட்டைக்குள் பூரணம் வைத்து விளிம்பை அழுத்தி மூடுவதைப்போல, இரண்டு மெல்லிய வில்லைகளுக்கு நடுவே அமெரிக்கன் சீஸை வைத்து விளிம்பைச் சுற்றிலும் அழுத்தி ஒட்டி, நம் தோசைக்கல்லைப் போன்ற தட்டையான சூட்டுத் தகட்டில் சுடுகிறார்கள். இந்தச் சீஸில் சேர்க்கப்படும் உப்புகள் கொழுப்பையும் நீரையும் பிரிய விடாமல் பிடித்து வைத்திருப்பதால், நாள்பட்ட செடார் வகைச் சீஸ் உருகும்போது எண்ணெய் தனியே கசிவதுபோல் கசியாமல், இது குழம்பாகவே உருகுகிறது. சுற்றிலும் இறைச்சி போர்வையாக மூடியிருப்பதனால் அந்தக் குழம்பின் சூடு வெளியேற வழியின்றி உள்ளேயே நிற்கிறது. வெளியே பன் கைக்கு இதமாக இருக்கும்போது உள்ளே சீஸ் கொதித்துக்கொண்டிருக்கும். அது வாயில் பட்டால் தண்ணீரைப்போல் வழிந்து ஓடாமல் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பரிமாறிய பெண்மணி எச்சரித்தும் கேளாமல் பசியில் கடித்துவிட்டு, மூன்று நாள்கள் காப்பியை ஆறவைத்துக் குடித்தவன் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன்.

குறைந்தது ஐந்து நிமிடம் பொறுங்கள். மெழுகுத்தாளில் சுற்றி வரும் பர்கரின் தாளைச் சற்றே பிரித்துவிட்டு, அதுவரை வறுத்த உருளைக்கிழங்கை உண்ணலாம். கத்தியால் இரண்டாக வெட்டி ஆறவைக்கலாம் என்ற யோசனை எல்லோருக்கும் வரும். அப்படிச் செய்தால் சீஸ் முழுவதும் தாளில் வழிந்துவிடும், கையில் எஞ்சுவது வெறும் இறைச்சியும் பன்னும்தான்.

படி 4: பிடிப்பதும் கடிப்பதும்

வலக்கையால் மட்டுமே உண்டு பழகியவர்களுக்கு இங்கே ஒரு சிறு தயக்கம் வரும். இதற்கு இரண்டு கைகளும் வேண்டும். கட்டைவிரல்களும் சுண்டுவிரல்களும் அடியிலும் மற்ற விரல்கள் மேலும் இருக்குமாறு, தாளோடு சேர்த்துப் பிடியுங்கள். முழங்கைகளை மேசையில் ஊன்றி, முகத்தைத் தாளுக்கு நேர் மேலே கொண்டுவந்து, விளிம்பில் மிகச் சிறிதாக ஒரு கடி கடிக்க வேண்டும். அந்தக் கடியின் வேலை ருசி பார்ப்பதன்று, ஆவிக்கு வழி திறப்பதுதான். திறந்த பக்கம் மேல்நோக்கி இருக்குமாறு சாய்த்துப் பிடித்து, ஆவி அடங்கியதும் இரண்டாவது கடியைச் சற்றுப் பெரிதாக எடுங்கள். சீஸ் அப்போதுதான் முதன்முதலாகத் தென்படும்.

அதன் பின் வேகம் உங்கள் விருப்பம். அடிப்பன் சாறு ஊறி நைந்துபோனால் பர்கரைத் தலைகீழாகத் திருப்பிக்கொள்ளுங்கள், தடித்த மேற்பன் இன்னும் சிறிது நேரம் தாங்கும். கெட்சப்பை உள்ளே ஊற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெங்காயத்தின் இனிப்பும் ஊறவைத்த வெள்ளரியின் புளிப்பும் ஏற்கெனவே இருக்கின்றன. கெட்சப் உருளைக்கிழங்கோடு நிற்கட்டும்.

படி 5: கணக்கை முடித்தல்

தாளில் சிந்திய சீஸையும் வெங்காயத்தையும் கடைசி உருளைக்கிழங்குத் துண்டால் வழித்து உண்பதை அங்கே யாரும் குறையாக நினைப்பதில்லை. மினசோட்டாவில் பரிமாறுபவர்களுக்கும் முழுக் குறைந்தபட்ச ஊதியத்தைக் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். ஆயினும் தொகையில் 15 முதல் 20 விழுக்காடு வரை டிப்ஸ் வைப்பதே வழக்கம். உங்களை எச்சரித்துக் காப்பாற்றியவருக்கு இருபதாகவே வைத்துவிடுங்கள்.